செம்பரம்பாக்கம் உபரிநீர் போகும் வழியில் ஒரு சுற்று நடை: குன்றத்தூர் – திருநீர்மலை – அனகாபுத்தூர்

கரைநடையன் (ஜனவரி, பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு)

எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்தா டிவியில ஓடுற அந்த அறிவிப்பு நமக்கெல்லாம் மனப்பாடம். செம்பரம்பாக்கம் ஏரியில் உபரிநீர் திறக்கப்படுவதால் காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை, அப்புறம் அடையாற்றின் இரு கரையிலும் இருக்கிற மக்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகணும்னு வாசிப்பாங்க. இந்த வருஷம் அதைக் கேட்டப்ப அந்த ஊர்ப் பேரையெல்லாம் வரிசையா எழுதிப் பார்த்தேன். தண்ணி போற வழி அப்படியே தெரிஞ்சுது. அதே வழியில மனுஷன் நடந்தா என்னன்னு தோணிச்சு.

என் யோசனை இது. குன்றத்தூர்ல ஆரம்பிச்சு உபரிநீர்க் கால்வாய் கரையோரமா தெற்கே திருமுடிவாக்கம், அங்கேருந்து வழுதியம்பேடு பக்கமா திருநீர்மலை. கால்வாய் அடையாத்துல கலக்கிற இடத்தைப் பார்த்துட்டு, பாலம் தாண்டி கிழக்குக் கரைக்கு வந்து மலை ஏறி இறங்கி, ஆத்தோட போக்குலயே அனகாபுத்தூர். அங்க மறுபடி ஆத்தைத் தாண்டி மேற்கே குன்றத்தூர். சுமார் பதினஞ்சு கிலோமீட்டர் வரும்.

போன வழியே திரும்பாம சுத்தி வர்றதுக்குக் காரணம் இருக்கு. வண்டியை விட்ட இடத்துக்கே வந்து எடுத்துக்கலாம், பார்த்ததையே திரும்பப் பார்க்க வேண்டாம். கடைசிப் பகுதியில மேற்கே பார்த்து நடக்கிறதால காலை வெயிலும் முதுகுப் பக்கம்தான் இருக்கும்.

அந்தப் பக்கம் குடியிருக்கிறவங்க, நடந்தவங்க இருந்தா சொல்லுங்க. எங்க கரை இருக்கு, எங்க இல்லை?

விஜி_போரூர்

ரொம்ப நல்ல யோசனை சார். போன வருஷம் பொண்ணைப் பார்க்க இங்கிலாந்துல ரெடிங் போயிருந்தப்ப இதே மாதிரி ஒரு சுற்று நடை போனோம். அதுலேருந்து நம்ம ஊர்ல ஏன் இல்லைன்னு மனசுல ஓடிக்கிட்டே இருக்கு.

அங்க தேம்ஸ் பாதைன்னு ஒண்ணு. கெம்பிள்ங்கிற ஊர்ப் பக்கம் ஆறு பிறக்கிற இடத்துலேருந்து லண்டன்ல வெள்ளத் தடுப்பு மதகு வரைக்கும் கிட்டத்தட்ட 296 கிலோமீட்டர். 1996ல தேசியப் பாதைன்னு திறந்திருக்காங்க. முழுசா நடக்கிறவங்க கொஞ்சம் பேருதான். பெரும்பாலானவங்க ஆத்தோரமா ஒரு துண்டு நடந்து, அங்கேருந்து கிராமம், காடு வழியா சுத்திக் கிளம்பின இடத்துக்கே வந்துடறாங்க.

நாங்க போனது ஹென்லியிலேருந்து. 1786ல கட்டின அஞ்சு வளைவுக் கல் பாலத்தைத் தாண்டி எதிர்க்கரையில இறங்கி ஆத்தோட போக்குல நடந்தோம். 1839லேருந்து படகுப் போட்டி நடக்கிற நீர்வழி அது. நடுவுல டெம்பிள் தீவுன்னு ஒரு சின்னத் தீவு, அதுல வெள்ளையா ஒரு மண்டபம். அதுக்கப்புறம் ஹாம்பிள்டன்ல படகு ஏத்தி இறக்குற லாக். அங்கதான் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. ஆத்தைத் தடுக்கிற அணை மேலேயே குறுகலா ஒரு நடைபாலம். காலுக்குக் கீழ தண்ணி இரைஞ்சுக்கிட்டுப் போகுது, கைப்பிடியைப் பிடிச்சா அதிர்வு உள்ளங்கையில தெரியுது. அதைத் தாண்டினா பழைய மரப்பலகை மாவு மில், அப்புறம் கல்லும் செங்கலுமா கட்டின ஹாம்பிள்டன் கிராமம், அப்புறம் மேட்டுல பீச் மரக்காடு வழியா திரும்ப ஹென்லி.

நான் சொல்ல வந்தது அழகைப் பத்தி மட்டும் இல்லை. அந்தப் பாதை ஒருத்தரோட மேய்ச்சல் நிலத்துக்கு நடுவுலயே போகுது. மாடு நிக்குது. கேட்டைத் திறந்து உள்ள போய், மூடிட்டு, அந்தப் பக்கக் கேட்டுல வெளிய வரணும். நிலக்காரர் யாரையும் தடுக்க முடியாது, ஏன்னா அந்த வழியில நடக்கிற உரிமை ஊர் ஜனங்களுக்கு இருக்கு. 1949ல ஒரு சட்டம் போட்டு எந்தெந்த வழி பொதுவழின்னு மாவட்டம் மாவட்டமா வரைபடத்துல குறிக்க வெச்சிருக்காங்க. அந்த வரைபடத்துல ஏறிட்டா அப்புறம் சுவர் எழுப்ப முடியாது.

மதகுக்காரர்

நீர்ப்பாசனப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வழியின் தண்ணீர்க் கணக்கைச் சொன்னால் நடப்பவர்களுக்குப் பார்வை தெளியும் என்று எழுதுகிறேன்.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உபரிநீர் வெளியேறுவது 19 கண் மதகும் 5 கண் மதகும் வழியாக. அங்கிருந்து வரும் கால்வாய் திருநீர்மலை அருகே அடையாற்றில் சேர்கிறது. ஆனால் அடையாறு அங்கே பிறப்பதில்லை. அது தெற்கே ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளிலிருந்து, மணிமங்கலம், முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத் தானே ஓர் ஆறாக வந்து சேருகிறது. மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர். தேம்ஸ் பாதையில் ஏழில் ஒரு பங்கு கூட இல்லை.

2015 டிசம்பர் 1 இரவு ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றி நகரமே பேசியது. அன்று சைதாப்பேட்டையில் ஓடியது அதைவிட மிக அதிகம். அந்த மீதி எங்கிருந்து வந்தது? மேற்கு தாம்பரம், முடிச்சூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்ததும், கரையோர மழையும். இதைப் படித்தால் புரிவது கடினம். திருநீர்மலை அருகே இரண்டு நீரும் சேரும் முனையில் நின்று வலப்பக்கம் ஒருமுறை, இடப்பக்கம் ஒருமுறை பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும். சென்னையில் வெள்ளத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் ஒவ்வொருவரும் அந்த முனையில் ஒரு முறை நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அம்மணி சொன்ன தேம்ஸ் பாதையின் பெரும்பகுதி முற்காலத்தில் படகைக் கயிறு கட்டிக் குதிரை இழுத்துச் சென்ற கரைவழி. நமக்கும் அப்படி ஒன்று இருந்தது. பக்கிங்காம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகளை ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள். 1806-ல் வடக்கே எண்ணூர் நோக்கித் தொடங்கிய கால்வாய் அது. 1876–78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்களை வைத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அந்தக் கரைவழி இன்று நகருக்குள் எங்கே இருக்கிறது? பறக்கும் ரயிலின் தூண்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. வழக்கொழிந்த வழியை யாரும் தேடி வருவதில்லை. அடையாற்றின் மேல்பகுதியில் இன்னும் காலம் இருக்கிறது.

முடிவாக்கம்_தம்பி

அண்ணே, நான் திருமுடிவாக்கம்தான். கால்வாய் கரை பாதி எடத்துல நல்லா இருக்கு, பைக்கே போவும். 2015க்கு அப்புறம் மண்ணு கொட்டி ஒசத்துனாங்க. ஆனா நேரா போயிட முடியாது. ஒரு எடத்துல ஒரு கம்பெனி காம்பவுண்டு சுவரு தண்ணி வரைக்கும் வந்து நிக்குது. அங்க கரைய விட்டு எறங்கி தெருவுக்குள்ள பூந்து சுத்தித்தான் வரணும். எங்க தாத்தா காலத்துல அந்த வழியாத்தான் மாட்ட ஓட்டிக்கினு போவாங்களாம்.

சிட்கோ தொழிற்பேட்டை பக்கம் லாரி ஜாஸ்தி. ஞாயித்துக்கெழம வாங்க. கருவேலமுள்ளு கரையெல்லாம் கெடக்கும், செருப்பு போட்டுக்கினு வராதீங்க, தடிமனா ஷூ போடுங்க. நாய் இருக்கு. கையில ஒரு குச்சி இருந்தா போதும், அடிக்கத் தேவையில்ல, தட்டிக்கினே நடந்தா வெலகிடும். பாம்புக்கும் அதான்.

மாலதி_பல்லாவரம்

நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து பல்லாவரத்துல காலையில நடக்கிறவங்க, எல்லாருமே பெண்கள். எங்களுக்கு இது சரிப்படுமா? ஆண்கள் ‘ஒண்ணும் பயமில்லை’ன்னு சொல்றதை வெச்சுக் கிளம்ப முடியாது. ஆள் நடமாட்டம் எவ்வளவு, கழிப்பறை எங்க இருக்கு, பாதியில முடியலைன்னா பஸ் பிடிக்கிற இடம் எதுன்னு யாராவது பெண்கள் சொன்னா உதவியா இருக்கும்.

நீர்மலைவாசி

மாலதி, நான் சொல்றேன்மா. கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து திருநீர்மலைலதான் இருக்கேன்.

குன்றத்தூர்லேருந்து திருமுடிவாக்கம் வர்ற கரையில ஆள் கம்மி. அந்தப் பகுதியை ஒண்ணாச் சேர்ந்து நடங்க, நல்லா விடிஞ்சப்புறம் நடங்க. திருநீர்மலை வந்துட்டா கவலையே வேண்டாம், கோயில் ஊர், காலையிலேருந்து ஜனம். கோயில் பக்கம் கழிப்பறை இருக்கு, டிபன் கிடைக்கும், பல்லாவரத்துக்கு பஸ் இருக்கு. முதல் தடவை முழுச் சுத்தும் வேண்டாம். நீங்க அனகாபுத்தூர்லேருந்து ஆத்தோரமா எங்க ஊர் வரைக்கும் வந்து மலையேறிட்டு பஸ்ல போயிடுங்க. பழகினப்புறம் மீதி.

கோயிலைப் பத்தியும் சொல்லணும். கீழ நீர்வண்ணப் பெருமாள், மேல மலையில ரங்கநாதர். நின்ற, இருந்த, கிடந்த, நடந்தன்னு நாலு கோலமும் ஒரே தலத்துல இருக்கிறது இங்கதான் விசேஷம். நின்றது நீர்வண்ணர், இருந்தது நரசிம்மர், சயனம் ரங்கநாதர், நடந்தது உலகளந்த பெருமாள். திருமங்கையாழ்வார் வந்தப்ப மலையைச் சுத்தித் தண்ணி நின்னுதாம். ஆறு மாசம் எதிர்ல இருந்து காத்திருந்து, வடிஞ்சப்புறம் வந்து சேவிச்சார்னு சொல்லுவாங்க. அதனாலதான் நீர்மலை. நாங்க அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த பிள்ளைகளை வெச்சுக்கிட்டு 2015ல மாடியில நின்னு சுத்தி வரத் தண்ணியைப் பார்த்தோம். ஆழ்வார் காலத்துலயே தண்ணி எங்க நிக்கும்னு இந்த ஊருக்குத் தெரிஞ்சிருக்கு.

புறவழிச்சாலை

எல்லாரும் மன்னிக்கணும், ஒரு மாற்றுக் கருத்து. நான் தினமும் பைபாஸ்ல அந்த ஆத்து மேல போறேன். கண்ணாடியை ஏத்திக்கிட்டுத்தான் போக முடியுது. பம்மல், குரோம்பேட்டை பக்கமெல்லாம் தோல் பதனிடற தொழில் இருக்கிற ஊர், வீட்டுக் கழிவுநீரும் சேருது. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கு. தேம்ஸையும் இதையும் ஒரே மூச்சுல சொல்றது மனசுக்கு நல்லா இருக்கு, ஆனா குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போக முடியுமா? முதல்ல ஆத்தைச் சுத்தம் பண்ணட்டும், அப்புறம் பாதை.

தாழைக்கோழி

அந்த வரிசைதான் தப்புன்னு நினைக்கிறேன் நண்பரே. சுத்தம் ஆனப்புறம் நடக்கலாம்னா, அது சுத்தமாச்சான்னு யார் போய்ப் பார்க்கிறது? பாலத்து மேல அறுபது கிலோமீட்டர் வேகத்துல போறவங்களுக்கு நாத்தம் மட்டும்தான் தெரியும். எந்தக் குழாய்லேருந்து, எந்த நேரத்துல, என்ன நிறத்துல தண்ணி விழுதுன்னு கரையில நடக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

தவிர எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. திருநீர்மலைக்கு மேல, கால்வாய்ப் பக்கம், மழைக்கப்புறம் தை, மாசியில தண்ணி தெளிவாவே ஓடும். பறவைங்க அதைத்தான் சொல்லுது. முக்குளிப்பான் இருந்தா அங்க மீன்குஞ்சு இருக்குன்னு அர்த்தம். சம்புப் புதர்ல நீலத் தாழைக்கோழி கூட்டமா இருக்கும், சிவப்பு நெத்தி, நீண்ட காலு, வாலைத் தூக்கித் தூக்கி நடக்கும்போது அடியில வெள்ளை பளிச்சுனு தெரியும். நத்தை குத்தி நாரையோட அலகைப் பாருங்க, முழுசா மூடாது, நடுவுல ஒரு இடைவெளி இருக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணிக்கு மேல அந்தரத்துல சிறகடிச்சு நின்னு செங்குத்தா விழுறதைப் பார்த்துட்டா குழந்தைங்க வீட்டுக்கு வரவே மாட்டாங்க.

கண்டிப்பா ஒண்ணு. கையில கவர், பாட்டில் எது கொண்டு போனாலும் திருப்பி எடுத்துட்டு வாங்க. கூடு கட்டியிருக்கிற புதர்கிட்ட போய் ட்ரோன் விடாதீங்க.

சைதை_மணி

நான் ஒரு விஷயம் சொல்லணும். இந்த இழையில யாரும் கெட்ட எண்ணத்துல பேசலை, அது தெரியுது. ஆனா ‘ஆத்தங்கரையில நடைபாதை’ன்னு கேட்டாலே எங்க வீட்ல வயித்தைக் கலக்கும். எங்க பெரியம்மா குடும்பம் சைதாப்பேட்டை ஆத்தோரத்துல மூணு தலைமுறை. 2015 வெள்ளம் முடிஞ்ச கையோட ஊருக்கு வெளிய தூரத்துல இருக்கிற பெரும்பாக்கத்துக்கு அனுப்பிட்டாங்க. பெரியம்மா அஞ்சு வீட்ல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க, அத்தனையும் போச்சு. தங்கச்சி பத்தாவது பாதியில நின்னுது. அவங்க இருந்த இடத்துல பூங்கா வரும்னு பேசினாங்க.

கரை எல்லாருக்கும் பொதுன்னு நீங்க சொல்றப்ப, அந்த எல்லாருக்குள்ள அங்க குடியிருக்கிறவங்களும் வரணும். குடிசையை மட்டும் ஆக்கிரமிப்புன்னு எழுதி, தண்ணி வரைக்கும் வந்து நிக்கிற கம்பெனி சுவரை விட்டுட்டுப் போறதா இருந்தா, அந்தப் பாதையில நான் கால் வெக்க மாட்டேன்.

கரைநடையன்

மணி அண்ணே, நீங்க எழுதினதை வீட்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். நான் கேக்கிறது டைல்ஸ் போட்டு, வேலி போட்டு, டிக்கெட் வெக்கிற பாதை இல்லை. ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல நடக்கிற அகலத்துக்கு மண் பாதை போதும். அதுக்கு ஒரு வீட்டைக்கூட எடுக்க வேண்டியதில்லை. சுத்து நடையில அந்த வசதி இருக்கு. வீடு இருக்கிற இடத்துல கரையை விட்டுட்டுத் தெரு வழியாப் போயிட்டு மறுபடி கரைக்கு வரலாம். விஜி மேடம் சொன்ன அந்த ஊர்லயும் பல இடத்துல ஆத்தை விட்டு விலகித்தானே போகுது?

விஜி_போரூர்

ஆமா சார். படகு இழுக்கிற வழி முந்தி ஒரு கரையிலேருந்து மறுகரைக்கு மாறிப் போகும், ஓடத்துல குதிரையை ஏத்தி அக்கரை விடுவாங்களாம். ஓடம் நின்னு போன இடங்கள்ல இப்ப ஊருக்குள்ள சுத்தித்தான் போகணும். அதனால அந்தப் பாதைக்கு ஒண்ணும் குறைவில்லை.

மணி தம்பி சொன்னது என் மனசுல தைச்சிடுச்சு. இதை எங்க கொண்டு போனாலும் அந்த நிபந்தனையோட கொண்டு போகணும்.

மதகுக்காரர்

நானும் அதை வழிமொழிகிறேன். சட்டத்துக்கு முன் நமக்குக் கையில் இருக்கும் ஆயுதம் ஒன்று உண்டு. வருவாய்த் துறையின் கிராம வரைபடத்திலும், ஒவ்வொரு நிலத்தையும் அளந்து வரைந்த புலப்படத்திலும் ஆறு, ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். நில விவரங்களைச் சொல்லும் ‘அ’ பதிவேட்டில் அந்தப் புல எண்ணுக்கு எதிரே சர்க்கார் புறம்போக்கு, வண்டிப்பாதை என்று எழுதியிருக்கும். இங்கிலாந்தில் 1949-க்குப் பிறகு வரைந்ததை நம் ஊர் கர்ணமும் சர்வேயரும் சங்கிலி பிடித்து அதற்கு முன்பே வரைந்து வைத்துவிட்டார்கள். நாம்தான் எடுத்துப் பார்ப்பதில்லை.

இப்போது தாலுகா அலுவலகம் போய் நிற்க வேண்டியதில்லை. அரசின் இணையச் சேவைத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் ‘அ’ பதிவேடும் புலப்படமும் பார்க்கலாம். நடக்கும்போது கைபேசியில் இடத்தைக் குறித்துக்கொண்டு வந்து, பிறகு ஒவ்வொரு புலமாக ஒப்பிடுங்கள். கரை இல்லாத இடத்தில் பதிவேட்டில் வழி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். தம்பி சொன்ன அந்தச் சுவரில் தொடங்கலாம்.

நெசவுத்தெரு

அனகாபுத்தூர் பக்கம் வந்தா எங்க தெருவுக்கும் வாங்க. ஒரு காலத்துல இங்க தெருவுக்குத் தெரு தறி. மெட்ராஸ் கைக்குட்டைன்னு கட்டம் போட்ட துணி நைஜீரியாவுக்குப் போகும். அந்த ஏத்துமதி நின்னப்புறம் தறி குறைஞ்சு போச்சு. இப்ப கொஞ்சம் பேர் வாழை நார், சணல், அன்னாசி நார் சேர்த்துப் புடவை நெய்யறாங்க. வாழை நாரை நனைச்சு, பிரிச்சு, நுனிக்கு நுனி முடிச்சுப் போட்டு இழையாக்கறதைப் பார்த்தா உங்க களைப்பெல்லாம் போயிடும்.

எங்க ஊர்லேருந்து குன்றத்தூர் திரும்பறதுக்கு மெயின் ரோடு வேண்டாம், வண்டி தாங்காது. ஆத்தைத் தாண்டி தரப்பாக்கம் வழியா கோவூர் போய் அங்கேருந்து குன்றத்தூர் போங்க. கொஞ்சம் தூரம் கூடுதல்தான், ஆனா கோவூர் சுந்தரேஸ்வரர் கோயில் தியாகராஜர் வந்து பாடின தலம், நிழல்ல உக்கார்ந்துட்டுப் போகலாம்.

கரைநடையன் (மாசி முதல் ஞாயிறு இரவு)

இன்னிக்குப் போயிட்டு வந்துட்டோம். மதகுக்காரர் ஐயா, தம்பி, தாழைக்கோழி, விஜி மேடம், மணி அண்ணன், நான். மாலதி குழு அனகாபுத்தூர்லேருந்து எதிர்ப்பக்கமா வந்து திருநீர்மலைல சேர்ந்துக்கிட்டாங்க.

குன்றத்தூர் முருகன் மலை அடிவாரத்துல வண்டியை விட்டுட்டு விடிஞ்சதும் கிளம்பினோம். சேக்கிழார் பிறந்த ஊர்ல நின்னு கிளம்பறோம்னு ஐயா ஞாபகப்படுத்தினார். கால்வாய்க் கரைக்கு வந்து சேர்ற வரைக்கும் ஊர் சத்தம், வந்ததும் பனைமரமும் காத்தும்தான். ஒரு பெரியவர் எருமை மேய்ச்சுக்கிட்டு இருந்தார். ‘எங்கேருந்து வர்றீங்க, என்ன சர்வேயா?’ன்னு கேட்டார். சும்மா நடக்கிறோம்னு சொன்னதும் ரொம்ப நேரம் எங்களையே பார்த்துட்டு, ‘நடங்க, நடந்தாத்தான் வழி இருக்கும். ஆளு போவலன்னா முள்ளு வந்துரும்’னாரு.

ரெண்டு நீரும் சேர்ற இடத்தைப் பத்தி எழுதியே ஆகணும். கால்வாய்ப் பக்கம் தண்ணி வெளிறின பச்சை, அடி மணல் தெரியுது. அடையாறு வர்ற பக்கம் கலங்கின பழுப்பு, ஆகாயத்தாமரை திட்டுத் திட்டா மிதந்து வருது. சேர்ற இடத்துல உடனே கலக்கலை. கொஞ்ச தூரத்துக்கு நடுவுல ஒரு கோடு தெரியுது, அந்தக் கோட்டோரமா நுரை கட்டிக்கிட்டுப் போகுது. ஐயா ஒரு காய்ஞ்ச குச்சியைக் கால்வாய்ப் பக்கம் போட்டார், இன்னொண்ணை ஆத்துப் பக்கம் போடச் சொன்னார். ஆத்துக் குச்சி மெதுவா வந்துது, கால்வாய்க் குச்சி முந்திக்கிட்டுப் போச்சு. ‘ரெண்டும் ஒரே நேரத்துல வேகமா வந்தா என்ன ஆகும்னு யோசிங்க’ன்னு மட்டும் சொன்னார். எதிர்க்கரையில வெள்ளம் நின்ன மட்டம் ஒரு வீட்டுச் சுவர்ல இன்னும் கறையா இருந்துது, என் தலைக்கு மேல. மணி அண்ணன் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தார்.

மலை மேல ரங்கநாதரைச் சேவிச்சுட்டு வெளிய வந்தா மீனம்பாக்கத்துல இறங்குற விமானம் கண்ணுக்கு நேரா போகுது. புளியோதரை, தண்ணி, அரை மணி நேரம் ஓய்வு. அனகாபுத்தூர் வரைக்கும் கிழக்குக் கரையில பைபாஸ் பாலத்துக்கு அடியில நுழைஞ்சு வந்தோம். அந்தப் பகுதி நாத்தம்தான், மறைக்க விரும்பலை. கழிவுநீர் விழுற ரெண்டு இடத்தைப் படம் எடுத்து, இடத்தோட குறிச்சு வெச்சிருக்கோம்.

தம்பி சொன்ன சுவர் வரைக்கும் போய் அங்கேயும் குறிச்சாச்சு. புலப்படத்தோட ஒப்பிடற வேலையை ஐயா எடுத்துக்கிட்டார்.

புறவழிச்சாலை

படங்கள் பார்த்தேன். அந்த ரெண்டு நிறக் கோடு இருக்கிற படத்தை என் பையன் கேட்டு வாங்கி ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். அடுத்த தடவை அவனையும் கூட்டிட்டு வரேன், கோயில் வரைக்கும். கழிவுநீர் விழுற இடங்களைத் தேதியோட தொடர்ந்து குறிக்கிறதுன்னா அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கறேன், தினம் அந்தப் பக்கம்தானே வரேன்.

மாலதி_பல்லாவரம்

நாங்களும் அடுத்த தடவை முழுச் சுத்து வர்றோம். ஒரு வேண்டுகோள், இந்த இழையோட தலைப்புலயே பருவத்தைப் போட்டு வெச்சுடுங்க. தை முதல் பங்குனி வரைக்கும் சரி. ஐப்பசி, கார்த்திகையில யாரும் இதைப் படிச்சுட்டுக் கரைக்குக் கிளம்பிடக் கூடாது.

மதகுக்காரர்

மிகச் சரி. இப்போதெல்லாம் ஏரி 24 அடி நிரம்பக் காத்திராமல் 22, 23 அடியிலேயே திறந்துவிடுகிறார்கள். வெயில் அடிக்கும் நாளிலும் கால்வாயில் திடீரென்று தண்ணீர் உயரலாம். எந்த மாதமானாலும் கிளம்பும் முன் நீர்வளத்துறை அறிவிப்பைப் பாருங்கள்.

புலப்படங்களை எடுக்கத் தொடங்கிவிட்டேன். அடுத்த சுற்றுக்கு மேலே மணிமங்கலத்தை யோசியுங்கள். நரசிம்மவர்ம பல்லவன் புலிகேசியின் படையை முறியடித்த களங்களில் ஒன்று அது. பெரிய ஏரிக்கரை, இராஜகோபாலப் பெருமாள் கோயில், சோமங்கலம் வழியாகச் சுற்றி வரலாம். இப்படி வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டே போனால் ஆதனூரிலிருந்து கடல் வரை ஆறு முழுவதும் நம் காலடியில் வந்துவிடும்.

முடிவாக்கம்_தம்பி

ஐயா, மார்ச் 22 உலக தண்ணீர் தினத்துக்கு எங்க ஊர்ல கிராம சபை நடக்கும். கரைவழி பத்தி அங்க ஒரு தீர்மானம் கேக்கலாம்னு ஊர்ல பேசிட்டேன், பத்து பேரு கையெழுத்து போட ரெடி. சுவரு பக்கத்துப் புல எண்ண மட்டும் அதுக்குள்ள எடுத்துக் குடுங்க. மனு எழுதத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

சைதை_மணி

நான் எழுதறேன் தம்பி. முதல் வரியிலேயே குடியிருக்கிற யாரையும் எடுக்கக் கூடாதுன்னு வெச்சுத்தான் எழுதுவேன். சனிக்கிழமை சாயங்காலம் வரைவு போடறேன், எல்லாரும் பார்த்துச் சொல்லுங்க.